அலமாரிப் போனில் கோளாறு ஒன்றும் இல்லை

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும், இன்னும் முகம் காட்டாத நாலாவது ஆளும் சுகம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, ஒழுங்காகத் தூங்கி, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். நலம் விசாரிப்பது இதோடு முடிந்தது, இனிமேல் வருவதெல்லாம் கோபம்தான், உட்கார்ந்து படி. இந்தக் காலத்தில் யாராவது கடிதம் எழுதுவார்களா, போனில் சொல்லக் கூடாதா என்று நினைப்பாய். போனில் உன்னிடம் ஒரு விஷயத்தை முழுசாகச் சொல்லி முடித்தவர் யாராவது இருந்தால் கூட்டிக்கொண்டு வா, அவர் காலில் விழுகிறேன். நான் பாதி சொல்லும்போதே மீதியை நீ சொல்லிவிடுவாய், நீ சொன்ன மீதி தப்பாக இருக்கும், அதை நான் திருத்துவதற்குள் உனக்கு வேறு கால் வந்துவிடும். கடிதத்தில் உனக்கு அந்த வசதி இல்லை, நான் முடிக்கும்வரை நீ வாயைத் திறக்க முடியாது. அதுவும் தவிர, இதைப் பற்றி உன்னிடம் போனில் பேச மாட்டேன் என்று உன் மனைவிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். கடிதத்தைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை, நானாகவும் ஒன்றும் சொல்லவில்லை.

முதலில் அந்த அலமாரிப் போன், உன் மனைவியின் சர்க்கரை பார்க்கிற மிஷினோடு சேர்த்து நீ அலமாரியில் வைத்துவிட்டுப் போன பழைய போன். கொஞ்ச நாளாக நீ என்னையும் உன் அப்பாவையும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டு, “அந்தப் போனை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, நெட் இருக்கான்னு பாருங்க, மிஷினைப் பக்கத்துல வச்சுப் பாருங்க, எனக்கு ஒரு நம்பரும் வரலை” என்று உயிரை வாங்குகிறாய். உன் அப்பா அதை ஆஃப் செய்து ஆன் செய்து, சார்ஜர் கம்பியை மாற்றி, அலமாரியின் மேல்தட்டில் வைத்து, கீழ்த்தட்டில் வைத்து, கடைசியில் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்துவிட்டார். நான்தான் பிடுங்கி வைத்தேன். கேட்டுக்கொள், அந்தப் போனில் கோளாறு ஒன்றும் இல்லை. நெட்டும் இருக்கிறது, மிஷினும் ஓடுகிறது, அவளுடைய சர்க்கரை அளவு ஒவ்வொன்றும் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. உனக்குத்தான் போகவில்லை. ஏனென்றால் உன்னை அதிலிருந்து எடுத்துவிடும்படி உன் மனைவி ஆஸ்பத்திரியில் சொன்னாள், அவர்களும் எடுத்துவிட்டார்கள். கர்ப்பிணிகளின் சர்க்கரையைத் தூரத்தில் இருந்தே பார்த்து மருந்து சொல்கிற நர்ஸ் இருக்கிறாளே, நாங்கள் சர்க்கரை சிஸ்டர் என்று சொல்வோம், அவள்தான் எடுத்தாள். உன் மனைவியின் ரத்தம், அவள் சொன்னால்தான் மற்றவர்கள் பார்க்கலாமாம். ஏன் எடுக்கச் சொன்னாள் என்று உடனே போனைத் தூக்காதே, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

இதை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தவன் நீதான். கர்ப்பத்தில் சர்க்கரை ஏறியிருக்கிறது, இன்சுலின் போட வேண்டும், வீட்டிலேயே விரலில் குத்திப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது நீ லீவில் இங்கேதான் இருந்தாய். ஆஸ்பத்திரியில் கொடுத்த மிஷினை உன்னுடைய பழைய போனோடு சேர்த்தாய், மிஷினில் எந்த நம்பர் வந்தாலும் அது தானாகப் போனுக்குப் போய், போனிலிருந்து ஆஸ்பத்திரிக்கும் உனக்கும் போகும்படி செய்தாய். நல்ல ஏற்பாடு, நான் குறை சொல்லவில்லை. வாரா வாரம் வயிற்றைத் தூக்கிக்கொண்டு வரிசையில் போய் உட்கார வேண்டாம் பார். அப்போது அவள் ஒவ்வொரு நம்பரையும் பார்த்துப் பார்த்துக் கண் கலங்கிக்கொண்டிருந்தாள். நீ அவள் தலையைத் தடவி, “நீ அந்தப் போன் பக்கமே போகாதே, உன் நம்பரெல்லாம் நான் பார்த்துக்கறேன், நீ நிம்மதியா இரு” என்று சொன்னாய். நான் சமையலறையில் நின்று கேட்டு, பரவாயில்லை, நம் பிள்ளைக்கும் பொறுப்பு வந்துவிட்டது என்று பூரித்துப் போனேன். அந்தப் பூரிப்பு நீ விமானம் ஏறும்வரைதான் இருந்தது.

அங்கே போய் இறங்கியதிலிருந்து நீ கணவனாகவா பேசினாய், பரீட்சை மேற்பார்வைக்கு வந்தவனைப் போல அல்லவா பேசினாய். சாப்பிடுவதற்கு முன் தட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாய். அவளும் படம் எடுத்து, அது போய்ச் சேர்ந்து, நீ பார்த்து, சரி என்று பதில் போடுவதற்குள் தட்டில் இருப்பதெல்லாம் ஆறிப் போகும். ஒரு நாள், “அந்த ஓரத்துல மஞ்சளா என்ன இருக்கு, மறைக்காம சொல்லு” என்று கேட்டாய். அது தட்டில் அச்சடித்த பூ, கண்ணா. நீ சின்னப் பிள்ளையிலிருந்து சாப்பிட்ட தட்டு. அன்றைக்கு நானும் அவளும் சிரித்தோம். அவள் கடைசியாக மனசு விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

அதற்கப்புறம் நம்பர் ஏற ஆரம்பித்தது. காலையில் வெறும் வயிற்றில் நூற்று எண்பது, சாப்பிட்ட பிறகு இருநூறு என்று உன் போனில் வந்ததாம். அதிலும் ஒரு விசித்திரம், முதலில் பெரிய நம்பர் வரும், கொஞ்ச நேரத்திலேயே நல்ல நம்பர் ஒன்று வரும். இதைப் பார்த்துவிட்டு நீ பெரிய துப்பறிவாளன் மாதிரி ஒரு முடிவுக்கு வந்தாய், அவள் எதையோ திருட்டுத்தனமாகச் சாப்பிடுகிறாள், முதல் நம்பர் கூடுதலாக வந்ததும் கையைக் கழுவிவிட்டு நல்ல நம்பர் வரும்வரை மறுபடி குத்திப் பார்த்து ஏமாற்றுகிறாள், மிஷினில் சொருகுகிற ஸ்ட்ரிப் சீக்கிரம் தீர்வதும் அதனால்தான் என்று. அவள், “எனக்கு அப்படி ஒண்ணும் காட்டலையே, நான் பார்க்கறப்ப தொண்ணூறு, நூறுதானே இருக்கு” என்று சொன்னதற்கு, “அப்போ மிஷின் பொய் சொல்லுதா?” என்று கேட்டாய். என்னையும் விட்டாயா? அவள் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போகிற நாளில், கடையில் மத்தியானம் பார்த்து, மிஷின் வீடு திரும்பியதும் உனக்கு வருகிற நம்பர் மட்டும் சரியாக இருக்கிறதாம், வீட்டில் இருக்கும்போதுதான் ஏறுகிறதாம், அதனால் நான்தான் பாசத்தில் எதையாவது ஊட்டிவிடுகிறேனாம். “அம்மா, உன் பாசம் என் குழந்தைக்கு விஷம்” என்று சொன்னாய். ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. ஒரு ஓட்டலுக்குத் தைக்க வேண்டிய திரைச்சீலை மலையாகக் குவிந்து கிடக்கிறது, நான் அதில் ஒரு ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தபோதுதான் நீ அதைச் சொன்னாய், தையல் கோணலாகப் போய் முழு நீளத்தையும் பிரித்துத் தைத்தேன்.

ஆனால் என்னைச் சொன்னதை நான் துடைத்துப் போட்டுவிடுவேன், எனக்குப் பழக்கம். அவளுக்கு அது முடியவில்லை. தன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது அந்தப் பெண்ணுக்கு. “அத்தை, நான் தூக்கத்துல எழுந்து ஏதாவது சாப்பிடறேனா, நீங்க பார்த்தீங்களா?” என்று என்னிடம் கேட்டாள். படித்த பெண், கடைக்கு வருகிறவர்களின் கண்ணைச் சோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுக்கிறவள், இப்படிக் கேட்கிறாள். பிறகு சாப்பாட்டைக் குறைத்தாள். டாக்டர் சாப்பிடச் சொன்னதையே பாதியாக்கிவிட்டு, படம் எடுக்கும்வரை தட்டை நிறைய வைத்து, எடுத்த பிறகு திரும்பப் பாத்திரத்தில் போட்டிருக்கிறாள். நான் தையல் அறையில் இருப்பேன், எனக்குத் தெரியாது. குமட்டல் போல இருக்கிறது என்று சொன்னால் நம்பிவிடுவேன். நீ ஏமாற்றுகிறாள் என்று சொன்னாய் அல்லவா, ஆமாம், ஏமாற்றினாள், இப்படித்தான் ஏமாற்றினாள்.

ஆஸ்பத்திரியிலும் அதே பெரிய நம்பரைத்தான் பார்த்தார்கள். விரல் ஈரமாக இருந்தால் இரண்டாவது தடவை குறைத்துக் காட்டும், முதலில் வருவதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி இன்சுலினைக் கூட்டினார்கள், அது போதவில்லை என்று இன்னும் கூட்டினார்கள். அப்படிக் கூட்டிய மறுநாள் அவளுக்குக் கடை லீவு. காலையில் கூட்டிய அளவைப் போட்டுக்கொண்டு, தட்டைப் படம் எடுத்து உனக்கு அனுப்பிவிட்டு, அரை வயிறுதான் சாப்பிட்டிருக்கிறாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். போய்ப் பார்த்தால் நெற்றியெல்லாம் முத்து முத்தாக வேர்வை, உதடு வெளுத்துப் போய், கை வெடவெட என்று நடுங்குகிறது, நான் கூப்பிட்டால் என்னைப் பார்க்கிறாள், ஆனால் பார்வை என் மேல் நிற்கவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பதறாதே, இப்போது நன்றாக இருக்கிறாள், குழந்தைக்கும் ஒன்றும் இல்லை, ஸ்கேன் பார்த்தாகிவிட்டது.

ஒரு கையில் சர்க்கரைத் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இன்னொரு கையில் சர்க்கரை சிஸ்டரைக் கூப்பிட்டேன். அவள், “உடனே மிஷின்ல பாருங்கம்மா, நம்பர் எனக்கு இங்க வந்துடும், அதைப் பார்த்துச் சொல்றேன்” என்றாள். நான் உன் அப்பாவிடம் கத்தினேன், அவர் மிஷினை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். கொஞ்ச நேரத்தில் சிஸ்டர் போனில் சொல்கிறாள், “வந்துடுச்சும்மா, இருநூத்திப் பதினாலு காட்டுது. இது தாழ்வு இல்லை, ஏறித்தான் இருக்கு. சர்க்கரை எதுவும் குடுத்துடாதீங்க, படுக்க வச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க.” என் கையில் டம்ளர் அவள் வாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது. கீழே வைக்கப் போனேன். அப்போதுதான் என் கண்ணில் பட்டது, அவளுடைய இரண்டு கையும் என் மடியில் கிடக்கின்றன, விரலை இன்னும் யாரும் தொடக்கூட இல்லை. “யாருக்கு சிஸ்டர் இருநூத்திப் பதினாலு? இவளுக்கு இன்னும் குத்தவே இல்லையே!” என்றேன். திரும்பிப் பார்த்தால் உன் அப்பா ஜன்னல் ஓரத்தில் தன் விரலைச் சப்பிக்கொண்டு நிற்கிறார். “மிஷின் ஓடுதான்னு பார்த்தேன், ஓடுது, இந்தா” என்று நீட்டுகிறார்.

பிடுங்கி அவள் விரலில் குத்தினேன், ஐம்பத்து மூன்று. சிஸ்டர் அந்தப் பக்கம், “குடுங்க, குடுங்க, சர்க்கரையைக் குடுங்க!” என்று அலறினாள். டம்ளர் முழுவதையும் புகட்டினேன். நடுக்கம் அடங்கி, என் முகத்தைப் பார்த்து, “அத்தை, ஏன் அழறீங்க?” என்று அவள் கேட்கும்வரை எனக்கு உயிர் இல்லை. நான் அழுவதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

இப்போது புரிந்ததா? உன் அப்பாவை உனக்குத் தெரியாதா. இத்தனை வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர், ரிப்பேர் செய்த லிஃப்டில் தான் ஒரு தடவை ஏறிப் போய் இறங்கி வராமல் வேறு யாரையும் ஏற விடமாட்டார். நல்ல பழக்கம்தான், அதனால்தான் அவர் பார்த்த கட்டடத்தில் ஒருத்தருக்கும் ஒன்றும் ஆனதில்லை. அதே வேலையை இங்கேயும் செய்திருக்கிறார். அவள் குத்திப் பார்ப்பதற்கு முன்னால் மிஷினைத் துடைத்து ரெடி பண்ணிக் கொடுப்பார், மாமாவுக்கு எவ்வளவு அக்கறை என்று அவளும் என்னிடம் சொல்லிச் சொல்லி மெச்சுவாள். ஜன்னல் பக்கம் திரும்பி நின்று தன் விரலில் குத்தி, சரியாக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, புது ஊசியும் புது ஸ்ட்ரிப்பும் போட்டுத்தான் அவளிடம் கொடுத்திருக்கிறார். அதை அவளும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. “அத்தனை பெரிய நம்பர் வந்துச்சே, உங்களுக்கு ஒண்ணும் தோணலையா?” என்று கேட்டேன். “நம்பர் வந்துச்சா, வந்துச்சு, மிஷின் ஓடுது. எவ்வளவுன்னு நான் எதுக்குப் பார்க்கணும்?” என்கிறார். லிஃப்ட் ஓடினால் போதும், எந்த மாடியில் போய் நிற்கிறது என்பது அவர் கவலை இல்லை. அவர் தொடுகிற ஒவ்வொரு தடவையும் அது ஆஸ்பத்திரிக்கும் உனக்கும் போகிறது என்று அவருக்குச் சத்தியமாகத் தெரியாது, நீ அவரிடம் சொல்லவும் இல்லை. கடைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போக முடியாதல்லவா, அதனால்தான் கடையில் பார்த்த நம்பர் மட்டும் சரியாக இருந்தது.

ஆக, நீ உன் மனைவியைப் பிடித்துத் திட்டிய ஒவ்வொரு நம்பரும் உன் அப்பாவுடையது. அந்த நம்பருக்காகத்தான் அவளைத் திருடி என்று சொன்னாய், என்னை விஷம் வைக்கிறவள் என்று சொன்னாய், அந்த நம்பருக்காகத்தான் அவள் பட்டினி கிடந்தாள், அந்த நம்பருக்கான இன்சுலின்தான் அவள் உடம்பில் போனது. சர்க்கரை இருப்பது அந்த மனுஷனுக்கு, மருந்து போனது இவளுக்கு. சிஸ்டர் வீட்டுக்கே வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனாள். “ரெண்டு ரெண்டா நம்பர் வந்தப்பவே வீட்டுல வேற யாராவது தொடறீங்களான்னு நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்” என்று சொன்னாள். கேட்டிருக்க வேண்டும்தான், ஆனால் சொல்லிவிட்டாள் பார், அதற்கும் ஒரு மனசு வேண்டும். டாக்டர் இன்சுலினைப் பழைய அளவுக்கே குறைத்துவிட்டார். உன் அப்பாவையும் கையோடு இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன், அவருக்கு நன்றாகவே சர்க்கரை இருக்கிறது, மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், தனி மிஷின் வாங்கி அதன் மேல் பெரிசாக அவர் பெயரை ஒட்டி வைத்திருக்கிறேன். காபிக்குச் சர்க்கரை போடாததால் வீட்டில் தினமும் ஒரு போராட்டம். மேல்மாடித் தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறது, அதைப் பார்க்கச் சொன்னால், “நான் சர்க்கரை நோயாளி, ஏணி ஏறக் கூடாது” என்று புதிதாக ஒரு சட்டம் பேசுகிறார். பேசட்டும், ஆனால் விஷயம் தெரிந்த அன்றைக்கு அவர் இருந்த இருப்பு உனக்குத் தெரிய வேண்டும். அவள் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, “நான் இத்தனை வருஷத்துல ஒரு லிஃப்டைக்கூட கீழே விட்டதில்லைம்மா, உன்னை விட்டுருப்பேனே” என்று சொல்லி அழுதார். அவள்தான் அவரைத் தேற்றினாள். இனிமேல் மிஷினை அவளேதான் எடுப்பாள், அவளேதான் துடைப்பாள், வேறு யாரும் கை வைக்கக் கூடாது.

அன்றைக்கே உன்னைக் கூப்பிட்டுக் காய்ச்சி எடுக்க வேண்டும் என்று போனை எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “வேண்டாம் அத்தை. மாமா பண்ணினதுன்னு சொன்னா, ஓ அப்பாவான்னு சிரிச்சிடுவாரு. அதோட முடிஞ்சிரும். என்னைத் திட்டினது எனக்கு மட்டும் மிச்சமா நிக்கும். அவரே ஒரு நாள் கேக்கட்டும், ஏன் ரெண்டு நம்பர் வந்துச்சுன்னு என்கிட்ட கேக்கட்டும், சொல்றேன்” என்று சொன்னாள். நியாயம்தானே? நீ சொன்னாயே ஒழிய ஒரு தடவையாவது கேட்டாயா? அதனால்தான் வாக்குக் கொடுத்தேன், வாயை மூடிக்கொண்டிருந்தேன். நீயும் கேட்பாய் என்று அவளும் காத்திருந்தாள். நீ கேட்கவில்லை. நம்பர் எல்லாம் இறங்கிச் சரியானதும் ஒரு மெசேஜ் அனுப்பினாய், “பார்த்தியா, நான் கண்டிச்சதும் எப்படி இறங்குது! இப்படியே ஒழுங்கா இரு” என்று. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற படம் வேறு. அவள் அதை என்னிடம் காட்டிவிட்டு, போனை மேஜைக்குள் வைத்து மூடினாள். கடைக்குப் போகிற வழியில் ஆஸ்பத்திரியில் இறங்கி உன்னை எடுக்கச் சொன்னது மறுநாள் காலையில். கோபத்தில் செய்தாள் என்று நினைக்காதே, கோபம் இருந்தால் எனக்கு இத்தனை பயம் இருக்காது. இரண்டு சத்தம் போட்டுவிட்டு ஆறிவிடலாம். அவள் அமைதியாக இருக்கிறாள். நீ கூப்பிட்டால் எடுக்கிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள், வைக்கிறாள், போய்த் துணி மடிக்கிறாள். உன்னோடு பேசுவதும் அவளுக்கு இன்னொரு ஊசி மாதிரி ஆகிவிட்டது, நேரத்துக்குப் போட்டுக்கொண்டு வேலையைப் பார்க்கிறாள். எனக்கு அது பிடிக்கவில்லை, பயமாக இருக்கிறது, அதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும் என்று இத்தனையும் எழுதுகிறேன்.

உனக்குப் பயம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பிள்ளையைச் சுமக்கிறவள் இங்கே இருக்கிறாள், நீ கடல் தாண்டி இருக்கிறாய், கையில் அந்த நம்பரைத் தவிர வேறு ஒன்றும் இல்லை, அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினாய். உன் அப்பா வெளியூர் வேலைக்குப் போயிருந்தபோது நானும் உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டுதான் இருந்தேன், அவரும் பயந்தவர்தான். ஆனால் உன் பயத்தை அவள் தட்டில் கொட்டினால் அவள் எதைச் சாப்பிடுவாள், சொல். அவள் அதை விழுங்கிக்கொண்டு உனக்காகப் பட்டினி கிடந்திருக்கிறாள். மருந்தும் அளவும் பார்க்க டாக்டர் இருக்கிறார், சிஸ்டர் இருக்கிறாள், சாப்பாடு போட நான் இருக்கிறேன். புருஷன் என்று பார்க்க நீ ஒருத்தன்தான் இருக்கிறாய், அந்த இடத்துக்கு வேறு யாரையும் அனுப்ப முடியாது. நேராகச் சொல்கிறேன், நீ அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஏதோ சின்னக் குழப்பம் என்று மழுப்பாதே, அப்பா இப்படிச் செய்துவிட்டாரே என்று அவர் தலையில் போடாதே, சிரிக்கவே சிரிக்காதே. நான் உன்னை நம்பவில்லை, அது என் தப்பு என்று அவளிடம் சொல். சொல்லிவிட்டு அவள் பேசும்வரை பொறு, அவள் பேசும்போது நடுவில் பேசாதே. உனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று பெற்றவளுக்குத் தெரியும், இருந்தாலும் செய். அவள் வேண்டும் என்று சொன்னால் உன்னை மறுபடி அதில் சேர்க்கச் சொல்வாள், சொல்லாவிட்டால் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதே.

நல்லபடியாக இருவரும் பேசிக்கொண்டு, நீ பிரசவத்துக்கு முன்னால் லீவு வாங்கிக்கொண்டு வந்து, பிள்ளையைக் கையில் வாங்கி, நீண்ட ஆயுளோடு மூன்று பேரும் சேர்ந்து இருக்க வேண்டும் என்று அம்மாவின் ஆசீர்வாதம். அப்பாவும் ஆசி சொல்லச் சொன்னார், தொட்டி ஒழுகுவதை நான் எழுதிவிட்டேனா என்றும் கேட்டார். குளிர் அதிகம் என்று சொன்னாயே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. காபியைக் குறை, உன் அப்பாவுக்கு வந்தது உனக்கும் வரலாம், நீயும் போய் ஒரு தடவை சர்க்கரை பார்த்துக்கொள்.

ஒன்றே ஒன்று, மறக்காதே. அந்த மெசேஜ் வந்த அன்று அவள்தான் முதலில் உன்னைக் கூப்பிட்டாள், ஞாபகம் இருக்கிறதா? நீ எடுத்ததும், நம்பர் உன் போனுக்கு வந்து சேரும்வரைகூடப் பொறுக்காமல், “சாப்பாட்டுக்கு அப்புறம் எவ்வளவு?” என்று கேட்டாய், அவள் நம்பரைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள், சரி என்று நீயும் அந்த மெசேஜை அனுப்பினாய். அவள் நம்பர் சொல்லக் கூப்பிடவில்லை. அதற்குச் சற்று முன்னால்தான் தன் வயிற்றில் என் கையை எடுத்து வைத்து, “பாருங்க அத்தை, பாருங்க” என்றாள், என் உள்ளங்கையில் பட்டென்று ஒரு உதை. வெளியிலிருந்து கை வைத்துப் பார்க்கிற மாதிரி குழந்தை உதைத்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. அதைச் சொல்லத்தான் ஓடிப் போய்ப் போனை எடுத்தாள். இதை நான் எழுதியிருக்கக் கூடாது, அவள் சொல்ல வேண்டிய விஷயம், எழுதிவிட்டேன். அதனால் உனக்குத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே. என்றைக்காவது அவளாக உன்னிடம் சொன்னால், முதல் தடவை கேட்கிறவன் மாதிரிக் கேள்.

இப்படிக்கு,
உன் மேல் கோபம் தீராத,
அம்மா